வராதவர் கூடை

1

இந்தக் கதை ஒரு லேபிளிலிருந்து பிறந்தது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. மருந்துக்கடையில் மாத்திரைப் பெட்டியின் மேல் ஒட்டித் தருவார்களே, அதேதான். என் நோட்டுப் புத்தக அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. “காலை ஒன்று, இரவு ஒன்று. நிறுத்தக் கூடாது.” அதற்குக் கீழே ஒரு தேதி, ஒரு சீட்டு எண், அறுபது என்ற எண்ணிக்கை. மேலே ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரை வெளியே சொன்னால் என் அக்கா என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடுவாள். ஆகவே இந்தக் கதையில் யாருக்கும் பெயர் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

[அடித்தது: அந்த லேபிளை நான் நடைபாதையில் கண்டெடுத்தேன்.]

பார்த்தீர்களா, இரண்டாவது பத்தியிலேயே பொய். அடித்துவிட்டேன். ஆனால் உங்களுக்குப் படிக்கத் தெரியும்படி அடித்திருக்கிறேன். ஏன் அப்படி என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். லேபிள் என் கைக்கு எப்படி வந்தது என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் தைரியம் வந்தாக வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. நாளைக் காலை பத்து மணிக்கு என் அக்காவின் மருந்துக்கடைக்கு ஆய்வாளர் வருகிறார். அதற்குள் இந்தக் கதையை முடித்துவிட வேண்டும். அக்கா அடுத்த அறையில் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி மேஜையில் இடிக்கிற சத்தம் கேட்கிறது. இவ்வளவு பலமாகத் தேய்க்கிறாள் என்றால் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம்.

2

காலையிலிருந்து எழுதி எழுதி அடித்த முதல் வரிகள் இவை.

[அடித்தது: அது ஒரு சாதாரண சனிக்கிழமை.]

சாதாரணம் என்று தொடங்கினாலே ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்களை ஏமாற்றுகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது.

[அடித்தது: மருந்துக்கடைக்கென்று ஒரு வாசனை உண்டு.]

வாசனையில் கதை தொடங்குகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் நானும் ஒருத்தி என்பது வேறு விஷயம்.

[அடித்தது: தையற்காரரின் மனைவிக்கு வலிப்பு வந்தபோது அவள் எரியும் அடுப்பின் முன்னால்]

இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை. அவள் விழுந்தது மாடிப்படியில். அடுப்பு நான் சேர்த்தது, காரம் போதாதென்று. நடந்தது போதாதாமா எனக்கு? எழுதிய கையை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மருந்தாளுநர். எங்கள் தெருமுனையில் இருக்கும் தையற்காரர் ஒன்பது வருடமாக அவளிடம்தான் மனைவிக்கு வலிப்பு மாத்திரை வாங்குகிறார். கடைசி அறுபது மாத்திரையை அவர் வாங்கிவிட்டார் என்று கடைக் கோப்பு சொல்கிறது. வாங்கவே இல்லை என்று அவர் சொல்கிறார். மாத்திரை நின்றுபோனதால் அவர் மனைவி விழுந்தாள். இப்போது அவளுடைய அண்ணன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு பெண்டாட்டிக்குக் கொடுக்காத மனிதன் என்று தையற்காரருக்குப் பெயர்.

பொய் சொல்வது கோப்புதான். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

3

கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

டாக்டர் ஒரு சீட்டு எழுதி, “ஐந்து ரீஃபில்” என்று போட்டால், முதல் தடவைக்குப் பிறகு இன்னும் ஐந்து தடவை டாக்டரைப் பார்க்காமலே அதே மருந்தை வாங்கலாம். சீட்டு கடைக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு ரீஃபில் கொடுக்கும்போதும் மருந்தாளுநர் சீட்டின் பின்பக்கத்தில் தேதி, எண்ணிக்கை, தன் கையெழுத்து மூன்றையும் போட வேண்டும். ஐந்து கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தச் சீட்டுக்கு ஆயுசு முடிந்தது. டாக்டர் புதிதாக எழுத வேண்டும்.

கவனியுங்கள்: கொடுக்கும்போது. ஆனால் என் அக்கா கட்டும்போதே போட்டுவிடுவாள்.

அவளிடம் மாதாமாதம் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வியாழக்கிழமை தோறும் அவர்களுடைய மருந்தை முன்கூட்டியே கட்டி, லேபிள் ஒட்டி, கையோடு சீட்டின் பின்னால் கையெழுத்தும் போட்டு, பெயர் வரிசையில் அடுக்கிவிடுவாள். கூட்ட நேரத்தில் கோப்பைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று அவளாகக் கண்டுபிடித்த குறுக்கு வழி. பதினான்கு நாளாகியும் ஆள் வராவிட்டால் அந்தக் கட்டு ஒரு பிளாஸ்டிக் கூடைக்குப் போகும். அதற்கு அவள் வைத்த பெயர் வராதவர் கூடை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, லேபிளை உரித்து ரத்து நோட்டில் ஒட்டி, சீட்டின் பின்னால் இருக்கும் கையெழுத்தை அடித்து, அதன் பிறகுதான் மருந்தை அலமாரிக்குத் திருப்புவாள்.

அடிப்பதற்கும் முறை உண்டு. வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழே இருந்த தப்பு யார் பார்த்தாலும் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் அன்றைய தேதி, அடித்தவர் கையெழுத்து. “தப்ப அழிச்சா ரெண்டு தப்புடி” என்பாள். இந்தக் கதையில் நான் அடித்த வரிகள் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அவள் சட்டப்படிதான்.

இன்னும் இரண்டு விதிகள். ஒன்று, ரீஃபில் முடிந்து டாக்டரும் கிடைக்காத அவசரத்தில், மருந்தாளுநர் தன் பொறுப்பில் மூன்று நாள் மாத்திரை கொடுக்கலாம். இரண்டு, தகுதி இல்லாத யாரும் கவுன்டருக்கு உள்ளே வந்து மருந்தைத் தொடக் கூடாது. மருந்தாளுநர் சொல்லி ஒருவர் தொட்டார் என்றால், தொட்டவருக்கு ஒன்றும் ஆகாது. சொன்னவரின் லைசன்ஸ் போய்விடும்.

[குறிப்பு: இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட முயன்று தோற்றவள்.]

4

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் கடையில் இல்லை. அக்கா சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவள் கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். மாத்திரை எண்ணிப் பழகிய வாய்.

வரிசையில் பத்துப் பேர். தையற்காரர் முறை வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே கிளம்பி வந்திருந்தார். அக்கா கோப்பை எடுத்துத் திருப்பினாள்.

“ரீஃபில் முடிஞ்சிருச்சுங்க. அஞ்சும் வாங்கிட்டீங்க.”

“இல்லம்மா, நாலுதான். அஞ்சாவது இன்னும் வாங்கலையே.”

“பதினாறு நாள் முன்னாடி வாங்கியிருக்கீங்க. இதோ பாருங்க, கையெழுத்து இருக்கு.”

அவர் குனிந்து பார்த்தார். “இது உங்க கையெழுத்தும்மா. என்னோடது இல்லையே.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்கு மூக்கு சிவந்திருக்கும். “நான் கையெழுத்துப் போட்டா மருந்து குடுத்துட்டேன்னுதான் அர்த்தம்.”

“இன்னைக்குக் காலையில போட்டதுதாம்மா கடைசி மாத்திரை. ராத்திரிக்கு இல்ல.”

அக்கா கணக்குப் போட்டாள். பதினாறு நாளில் முப்பத்திரண்டு போயிருக்கும். இருபத்தெட்டு மிச்சம் இருக்க வேண்டும்.

“நடுவுல குடல்வால் ஆபரேஷனுக்குப் பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. அங்க அவங்க மாத்திரையத்தான் குடுத்தாங்க. அதனாலதான் நான் இத்தனை நாள் இந்தப் பக்கமே வரல” என்றார் அவர்.

பாவம், உண்மையைச் சொல்லச் சொல்லச் சிக்கல் இறுகியது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் என்றால் வீட்டில் இன்னும் முப்பது மிச்சமாகியிருக்க வேண்டும். இருபத்தெட்டும் முப்பதும் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு மாத்திரையைக் காணோம். ஒன்று, அந்த அம்மாள் இரண்டு மடங்காகச் சாப்பிடுகிறாள். இல்லையென்றால் இவர் எதையோ மறைக்கிறார்.

அக்கா டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திங்கள் விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் கிளினிக் திறக்கும். மூன்று நாள் அவசர மாத்திரைக்காக அலமாரி வரை அவள் கை போனதாம். திரும்பி ஒரு முறை அந்த ஐந்தாவது கையெழுத்தைப் பார்த்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

“அம்பத்தெட்டு எங்க போச்சுன்னு தெரியாம இன்னும் ஆறு குடுத்தேன்னா, அது மருந்து இல்லீங்க, விஷம். வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க. கிடைக்கலன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அவர் ஆஸ்பத்திரிக்கும் போனார். அங்கிருந்து கடைக்குப் போன் வந்தது. அக்கா கோப்பில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் படித்துக் காட்டினாள். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பாருங்கள் என்று. சனி இரவு இல்லை, ஞாயிறு இரண்டு வேளையும் இல்லை. திங்கள் காலை துணி காயப்போட மாடி ஏறிய அந்த அம்மாள் ஏழாவது படியிலிருந்து கீழே வந்தாள்.

அக்கா செய்தது எல்லாம் சரி. இதை ஆயிரம் முறை யோசித்துவிட்டேன். கையில் இருந்த காகிதம் மட்டும்தான் தப்பு.

5

ஐந்தாம் பகுதியில் சொல்வதாகச் சொன்னேன். ஆறாம் பகுதியில் சொல்கிறேன். திட்டாதீர்கள், அதற்கு முன்னால் தையற்காரரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அந்த அம்மாளுக்குக் காறை எலும்பு முறிந்தது, முன்பல் இரண்டு போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில், “ஐந்தாவது ரீஃபில் பதினெட்டு நாட்களுக்கு முன் வழங்கப்பட்டது” என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் அதைப் படித்துவிட்டார். வராந்தாவிலேயே மச்சான் சட்டையைப் பிடித்தாராம். “வாங்கிட்டு வந்த மாத்திரைய எங்கய்யா போட்ட? என் தங்கச்சி செத்துப்போகணும்னு பாத்தியா?”

இதை எழுதும்போது என் புத்தி போன போக்கைக் கேளுங்கள்.

[அடித்தது: தையற்காரர் குடிப்பவர் என்று தெருவில் பேச்சு உண்டு.]

அப்படி ஒரு பேச்சும் இல்லை. அவர் குடித்து நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்ததில்லை. அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான். ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுத்தாளருக்கு அழகு என்பார்கள். என் சந்தேகம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்த சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று போன வாரம் ஒரு ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கை இறுக்கமாக இருப்பதாகச் சொன்னேன். அதுவும் பொய், எனக்கு அது தொளதொளவென்று இருக்கும்.

மெஷினின் இழுப்பறைகள் எல்லாம் தரையில் கவிழ்ந்து கிடந்தன. நூல்கண்டு, பொத்தான், சாக்குக்கட்டி எல்லாம் ஒரே குவியலாக.

“என்னண்ணே, கடைய மாத்தறீங்களா?”

“இல்லம்மா, தேடறேன்.”

“என்னத்த?”

“மாத்திரைய.” ரவிக்கையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் வாங்கலன்னுதான் சொன்னேன். ஆனா எல்லாரும் வாங்கினேன்னு சொல்றாங்க, எழுத்துலயும் இருக்கு. உங்கக்கா பொய் சொல்றவங்க இல்ல, ஒன்பது வருஷமாப் பாக்கறேன். அப்ப நான்தான் வாங்கி எங்கயோ வச்சுட்டு மறந்துட்டேனோன்னு இருக்கும்மா. தலையணையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டேன்.”

அவர் பேசிக்கொண்டே போனார்.

“அவளுக்கு வலிப்பு வந்துட்டா முன்னாடி பின்னாடி ரெண்டு மூணு நாள் ஞாபகம் இருக்காது. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்ததும் என்னப் பாத்துக் கேட்டா, ‘நீங்க மாத்திரை குடுத்தீங்களா, நான்தான் போட மறந்துட்டேனா’ன்னு. குடுக்கலன்னு சொல்றதா, மறந்துட்டன்னு சொல்றதா? ரெண்டுல எது சொன்னாலும் தப்பாப் போயிடும்மா. பேசாம நின்னேன். அதப் பாத்துத்தான் அவளுக்கும் என்மேல சந்தேகம் வந்துடுச்சு.”

அவர் எழுதிப் போட்ட புகாரை அக்கா எனக்குக் காட்டினாள். ஒரே ஒரு வரி. அந்த அறுபது மாத்திரை என்னிடம் கொடுக்கப்பட்டதா இல்லையா என்று மட்டும் தெரிவிக்கவும். மருந்து மறுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத்தான் நாளை ஆய்வாளர் வருகிறார். நடந்ததை அக்கா எழுத்தில் கொடுக்க வேண்டும்.

“எனக்கென்னடி பயம்?” என்கிறாள் அவள் தினமும். “கட்டும்போதே கையெழுத்துப் போடுறது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா வராதத ரத்து பண்ணாம நான் விட்டதே கிடையாது. அவர் நம்பர் ரத்து நோட்டுல இல்ல. அப்ப வாங்கியிருக்கார். லேபிள் எங்க போகும், சிறகு மொளச்சுப் பறந்துடுமா?”

ரவிக்கையை அவர் இரண்டு நாளில் தளர்த்திக் கொடுத்துவிட்டார். இப்போது அதற்குள் இரண்டு பேர் நுழையலாம்.

6

ஆறாம் பகுதி. இனி ஓட இடமில்லை.

தையற்காரர் அந்தச் சனிக்கிழமை கடைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை. அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கடைக்குப் போனேன். கவுன்டர் முன்னால் கூட்டம். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு டாக்டர் சொல்லும் மருந்தை எழுதிக்கொண்டிருந்தாள். கவுன்டருக்குள் ஓரமாக ஒரு முக்காலி உண்டு, நான் அதில்தான் உட்காருவேன். காலடியில் வராதவர் கூடை. அதில் ஒரே ஒரு கட்டு இருந்தது.

அதை எடுத்தேன். லேபிளை உரித்தேன். எந்த அலமாரி என்று எனக்குத் தெரியும், பார்த்துப் பார்த்துப் பழகிய இடம். பெட்டியை மற்றப் பெட்டிகளோடு வைத்துவிட்டேன். அது பூட்டி வைத்து எண்ணுகிற மருந்து இல்லை. அறுபது கூடியதை யாரும் எண்ணவில்லை, அடுத்த வாரத்துக்குள் யார் யாருக்கோ விற்றும் போய்விட்டது.

லேபிளை அக்காவிடம் கொடுத்திருக்க வேண்டும். அவள் அதை நோட்டில் ஒட்டியிருப்பாள், கையெழுத்தை அடித்திருப்பாள், சனிக்கிழமை நான்கு கையெழுத்துதான் இருந்திருக்கும், அந்த அம்மாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்திருப்பாள். ஆனால் அதில் அக்கா கையால் எழுதிய “நிறுத்தக் கூடாது” என்னைப் பிடித்துக்கொண்டது. இதில் ஒரு கதை தொடங்கலாமே என்று தோன்றியது. கிடைத்த துண்டுக் காகிதத்தையெல்லாம் சேர்க்கிற வியாதி எனக்கு. பையிலிருந்த நோட்டைத் திறந்து அட்டைக்குள் ஒட்டிக்கொண்டேன். எழுத்தாளர் புத்தி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். திருட்டுப் புத்தி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

திங்கள் சாயங்காலம் அக்கா வந்து, “அந்தத் தையற்காரர் சம்சாரம் படியில விழுந்துட்டாங்களாம்” என்று ஆரம்பித்தபோது நோட்டைப் பைக்குள் ஒளித்துவைத்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் முந்தின நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகப் போனது. இன்றோடு இருபது நாள். நேரில் சொல்ல வாய் வராமல்தான் இந்தக் கதை. இதை முடித்து அக்கா கையில் கொடுத்துவிட்டால் அவளே படித்துக்கொள்வாள் என்று கணக்கு.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன், நாளை யாரும் அவளைக் கேட்காமல் இருக்க. அக்கா அப்போது போனில் இருந்தாள். அவள் சொல்லவில்லை. நானாகவே செய்தேன்.

7

முடிவுகள். மூன்று யோசித்தேன்.

(அ) லேபிளை உரித்துக் கிழித்துத் தண்ணீரில் விடுகிறேன். ஆய்வாளர் ஐந்து கையெழுத்தைப் பார்க்கிறார், அக்காவைக் கொஞ்சம் கண்டித்துவிட்டுப் போகிறார். தையற்காரர் இழுப்பறையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடிக்கொண்டே இருக்கிறார். ஒரு கதையாக இது நன்றாகவே இருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

(ஆ) அக்காவுக்குத் தெரியாமல் நான் மட்டும் ஆய்வாளரிடம் போய்ச் சொல்கிறேன். தையற்காரர் தப்பிக்கிறார். ஆனால் தன் கடையில் நடந்ததை அக்கா வேற்று மனிதர் வாயால் தெரிந்துகொள்கிறாள். அதன் பிறகு அவள் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா?

(இ) [அடித்தது: தையற்காரர் நடந்ததைக் கேட்டுச் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “பரவாயில்லம்மா, தெரியாமப் பண்ணது தானே” என்று]

நிறுத்து. அவர் வாயில் அந்த வார்த்தையை வைக்க நான் யார்? அவர் பெண்டாட்டி வீட்டில் இல்லை. அவருக்கு அது பரவாயில்லாமல் இல்லை.

8

“காலையிலேருந்து என்னடி எழுதற?”

அக்கா வாசலில் நிற்கிறாள். [இனி வருவதைப் பிறகு எழுதினேன். அவள் வந்தபோது எங்கே எழுதுவது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.]

“கதை” என்றேன்.

“நாளைக்கு என் பொழப்பே சிரிப்பாச் சிரிக்கப்போகுது, உனக்குக் கதை. குடு பாக்கலாம்.”

நின்றபடியே படித்தாள். எந்தக் காகிதத்தையும் அவள் சீட்டைச் சரிபார்ப்பதுபோல்தான் படிப்பாள், வரிக்கு அடியில் விரலை ஓட்டி. மூன்றாம் பகுதியில், “குறுக்கு வழியாமே” என்று முறைத்தாள். நான்காம் பகுதியில், “அம்பத்தெட்டு, சரிதான்” என்றாள். தையற்காரர் தலையணையைப் பிரித்த இடத்தில் விரல் மெதுவாகப் போயிற்று. ஆறாம் பகுதியில் நின்றுவிட்டது.

“லேபிள் எங்க?”

நோட்டு அட்டையைத் திறந்து காட்டினேன். அவள் தொடவில்லை. எண்ணைப் படித்தாள், தேதியைப் படித்தாள், அறுபதைப் படித்தாள். தன் கையெழுத்தில் இருந்த இரண்டு வார்த்தையைப் படிக்கும்போது உதடு அசைந்தது.

“இருபது நாள்” என்றாள். “இருபது நாளா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க.”

“ஆமாக்கா.”

“பத்துப் பேர் முன்னாடி அந்த மனுஷனப் பாத்து, ‘வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க’ன்னேன்டி. அவரும் போய்த் தேடியிருக்கார். தேடிட்டே இருக்கார்.”

கையை ஓங்கினாள். நான் நகரவில்லை, அடி விழுந்தால் தேவலை என்றிருந்தது. ஓங்கிய கை காற்றிலேயே நின்று பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

“என் மூஞ்சில முழிக்காத. வெளிய போ.”

போனேன். அடுத்த அறையில் கோட்டு பாதி தேய்த்தபடி கிடந்தது. பெட்டியை அணைக்காமல் வந்திருந்தாள், நான் அணைத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல் கோட்டின் பொத்தானை எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கிழிக்கிற சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. காகிதங்களை என் கையில் திணித்தாள்.

“ஒரு எடத்துல தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்.”

பெட்டியை மறுபடி போட்டு, கோட்டின் மற்றப் பாதியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

9

தேதியில் ஏதோ பிசகு என்றுதான் நினைத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறாம் பகுதியின் கடைசியில் இருந்தது. சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, அடிமட்டம் வைத்ததுபோல் நேராக. கீழே இருப்பது படிக்கத் தெரிகிறது: “அவள் சொல்லவில்லை. நானாகவே செய்தேன்.” பக்கத்தில் அவள் கையெழுத்தில் மூன்று விஷயங்கள். “கூடையைக் காலி பண்ணச் சொன்னது நான்தான்.” இன்றைய தேதி. சுருக்கக் கையெழுத்து.

“உனக்குப் பைத்தியமாக்கா?” என்று கத்தினேன். “லைசன்ஸ் போயிடும்!”

“போகும்.”

“நான் சொல்லலன்னா யாருக்குத் தெரியும்? உனக்கே ஞாபகம் இல்ல!”

“இல்லதான். இப்ப படிக்கறப்பதான் வந்துச்சு. போனைக் கையால பொத்திக்கிட்டு, ‘சும்மாதான உக்காந்திருக்க, அந்தக் கூடையக் காலி பண்ணிடேன்’னு சொன்னேன். சொல்லிட்டு டாக்டர்கிட்ட திரும்பிட்டேன்.” பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். “என்னக் காப்பாத்தறதுக்கு ஒரு பொய் எழுதுவ. அப்புறம் அதே காகிதத்துல அந்த மனுஷனப் பத்தின உண்மைய மட்டும் எவன் நம்புவான்? ஒரு வரி பொய்னா மொத்தச் சீட்டும் செல்லாதுடி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கோட்டின் காலரைத் தேய்த்து முடித்துவிட்டு, மணி எத்தனை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: “ஆய்வாளர் எழுத்துல கேட்டிருக்கார். இதையே குடுத்துடலாம். இதவிட ஒழுங்கா எனக்கு எழுத வராது. நாளைக்கு அவர் கைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நகல் தையற்காரருக்குப் போகணும். யாருக்குக் காட்டணுமோ அவர் காட்டிக்கட்டும். நாம ரெண்டு பேரும்தான் போறோம். நான் பேசுவேன், நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

ஆகவே இந்தப் பக்கங்களை நாளை பத்து மணிக்குப் படிக்கப்போகிறவர் ஆய்வாளர். ஐயா, நீங்கள் கேட்டது ஒரு பக்க விளக்கம், கிடைத்தது ஒரு கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். லேபிளை அட்டையோடு வெட்டி இணைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு வேறு யார் படித்தாலும் அவர்களும் எனக்கு ஆய்வாளர்தான். என் அக்கா திரும்ப அந்தக் கோட்டைப் போடலாமா கூடாதா என்பதை நான் எழுத முடியாது. எழுதினால் அவளுக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன், என்னை நம்பாதீர்கள். கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். மனசு மாறினால் ஒரே ஒரு கோடாக அடியுங்கள், தேதி போடுங்கள்.

முடிவு: ……………………………………………… தேதி: ………… கையெழுத்து: …………

ஒரு வரியை மட்டும் உங்கள் யாரிடமும் விட மாட்டேன். அது தையற்காரரின் மனைவிக்கு, இந்த நகல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்.

அம்மா, அவர் மாத்திரை கொடுக்கவில்லை, ஏனென்றால் கொடுக்க அவரிடம் மாத்திரை இல்லை. நீங்கள் எதையும் மறக்கவில்லை.